சொகுசு சஸ்பென்ஷனா, ஸ்போர்ட்டி சஸ்பென்ஷனா? புதுக் கார் புக் செய்யும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது போன் செய்தால், மைலேஜ், சன்ரூஃப், தொடுதிரை எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில்தான் "வண்டி குலுக்குமா?" என்று கேட்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. தொடுதிரை இரண்டு மாதத்தில் பழகிப்போகும். சஸ்பென்ஷன் அப்படி இல்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். வாங்கிய பிறகு அதை மாற்றுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டுக்கும் நிஜமாகவே என்ன வித்தியாசம்?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாதபடி இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் பிணைத்துப் பிடிப்பது ஆன்ட்டி ரோல் பார். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். இவை சேரும் இடங்களில் எல்லாம் ரப்பர் புஷ்கள் இருக்கும். சொகுசுக்காக அமைத்த காரில் இவை எல்லாம் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். ஸ்போர்ட்டி காரில் இறுக்கமாக இருக்கும், பெரும்பாலும் உயரமும் சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் காரின் உடல் தன் இயல்பில் வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று ஒரு கணக்கு உண்டு. சொகுசுக் கார்களில் அது ஏறக்குறைய 1 முதல் 1.5 முறை. ஸ்போர்ட்டி கார்களில் 1.5 முதல் 2, சிலவற்றில் அதற்கும் மேல். நாம் நடக்கும்போது வினாடிக்குச் சுமார் 2 அடி எடுத்து வைக்கிறோம், அதனால் இந்த ஆட்டம் உடம்புக்குப் பழகியதுதான். உடம்பு தாங்காதது வினாடிக்கு 4 முதல் 8 முறை வரும் செங்குத்தான அதிர்வு. வயிறும் முதுகெலும்பும் அதைத்தான் அதிகம் உணரும். ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க, ரோட்டிலிருந்து வரும் அந்த வகை அதிர்வு சீட் வரைக்கும் வடிகட்டப்படாமல் வந்துசேர்கிறது. இன்னொன்று: அதே எடையுள்ள காரில் இந்த ஆட்டத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை நான்கு மடங்கு கடினமாக்க வேண்டும். எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது முதுகில் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இதனால்தான்.

புக்கிங் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையே?

சரிதான், இல்லை. ஐரோப்பாவில் கார் ஆர்டர் செய்பவர்களுக்குச் சஸ்பென்ஷன் தனியாகக் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு வரியாக வரும். நம் ஊரில் அந்த முடிவு வேரியண்ட் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. நீங்கள் கருப்புக் கூரைக்காகவோ சிவப்புத் தையல் போட்ட சீட்டுக்காகவோ ஒரு வேரியண்டைத் தேர்ந்தெடுப்பீர்கள். அதோடு சேர்ந்து இறுக்கமான ஷாக் அப்சார்பரும் வீட்டுக்கு வந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 நல்ல உதாரணம். 2021-இல் அதன் ஸ்போர்ட்டி வகையான என் லைன் (N Line) வந்தபோது சைலன்சர் சத்தத்தோடு சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் இறுக்கிக் கொடுத்தார்கள். சாதாரண ஐ20-இன் மேல் வேரியண்டிலும் என் லைனிலும் டயர் அளவு ஒன்றுதான், 195/55 ஆர் 16. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஓட்டினால்தான் தெரியும். வென்யூ என் லைனும் அதே வழிதான். அதற்கு முன் 2018-இல் டாடா, கோயம்புத்தூர் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸோடு சேர்ந்து டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்று இரண்டு கார்களைக் கொண்டுவந்தது. அவற்றில் ஸ்பிரிங்கை இறுக்கி, தரை இடைவெளியை 170 மில்லிமீட்டரிலிருந்து 166-ஆகக் குறைத்திருந்தார்கள். வெறும் 4 மில்லிமீட்டர். நம் ரோட்டை அறிந்தவர்கள் செய்த வேலை என்று எனக்கு அந்தக் கார்கள் மேல் இன்றும் மதிப்பு உண்டு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பெயரில் ஸ்போர்ட் என்று இருக்கும், பம்பரும் சக்கரமும் மட்டும் மாறியிருக்கும், அடியில் எல்லாம் பழையபடி. ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி "இது ஸ்போர்ட்டியா?" என்பதல்ல. "இந்த வேரியண்டில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ மற்ற வேரியண்டிலிருந்து வேறா? சக்கரம் எத்தனை இன்ச்?" என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ் பிரிவில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உதிரிபாக எண் இரண்டுக்கும் ஒன்றா வேறா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

ஸ்போர்ட் மோடு பட்டன் இருக்கிறதே, வேண்டும்போது இறுக்கிக்கொள்ள முடியாதா?

பெரும்பாலான கார்களில் முடியாது. அந்தப் பட்டன் ஆக்ஸிலரேட்டரைச் சுறுசுறுப்பாக்கும், கியர் மாறுவதைத் தள்ளிப்போடும், ஸ்டீயரிங்கைக் கனமாக்கும். சஸ்பென்ஷனைத் தொடாது. மின்னணு ஷாக் அப்சார்பர் உள்ள கார்களில் மட்டுமே அது சஸ்பென்ஷனையும் மாற்றும்.

எவ்வளவு மென்மையோ அவ்வளவு சொகுசு, அப்படித்தானே?

இல்லை. நான் பார்த்தவரை அதிகமானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போகும்போது மெத்தை மாதிரி இருக்கும் கார், நான்கு வழிச்சாலையில் 90-இல் போகும்போது படகு மாதிரி ஆடலாம். ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கினால் ஒரு முறை அமுங்கும், எழும்பும், மறுபடி அமுங்கும். முன்சீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் இருக்கும் பிள்ளை அரை மணி நேரத்தில் "வாந்தி வருது" என்று சொல்லும். வேகமான குலுக்கலைவிட மெதுவான ஆட்டம்தான் குமட்டலைக் கிளப்பும். சுமார் 5 வினாடிக்கு ஒரு முறை வரும் ஊசலாட்டம் அதில் மிக மோசம். கப்பலில் வருவதும் அதுவேதான்.

நல்ல சொகுசு என்பது மென்மையான ஸ்பிரிங்கும் அதைச் சரியாக அடக்கத் தெரிந்த ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது. அமுங்கினால் ஒரே தடவையில் எழுந்து அமர்ந்துவிட வேண்டும். இதற்குப் பழைய உதாரணம் பிரான்சின் சிட்ரோயென் 2சிவி. உழுத வயலில் ஓட்டிப் போனாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது என்பதுதான் அந்தக் காரை வடிவமைத்தவர்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. அந்தப் பழக்கம் விடவில்லை போலும். அதே நிறுவனம் திருவள்ளூரில் பாகங்களைப் பூட்டி விற்ற சி5 ஏர்கிராஸில், ஷாக் அப்சார்பர் கடைசி வரை அமுங்கும்போது ரப்பரில் 'டொம்' என்று இடிக்காமல், உள்ளே இருக்கும் எண்ணெய் மெத்தையில் மெல்ல நிற்கும்படி செய்திருந்தார்கள். பெரிய பள்ளத்தில் விழுந்தால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டயருக்கும் சக்கரத்துக்கும் இதில் பங்கு உண்டா?

நிறைய உண்டு. சில சமயம் ஸ்பிரிங்கைவிட அதிகம். டயரில் அடைத்த காற்றுதான் ரோட்டை முதலில் சந்திக்கும் ஸ்பிரிங்.

டயரின் பக்கத்தில் 205/55 ஆர் 16 என்று எழுதியிருந்தால், 205 அகலம், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 16 இன்ச் சக்கரம். 205-இல் 55 சதவீதம் என்றால் சுமார் 113 மில்லிமீட்டர். அதே காருக்கு மேல் வேரியண்டில் 205/50 ஆர் 17 வந்தால் பக்கச்சுவர் 102 மில்லிமீட்டர்தான். இன்னும் மேலே போய் 225/40 ஆர் 18 என்றால் 90. மொத்த விட்டம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பார்ப்பதற்குப் பெரிய சக்கரம் அழகுதான். ஆனால் ரோட்டுக்கும் அலாய் வீலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரும் காற்றும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டன. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் 50-இல் இறங்கும்போது அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் அலாய் நெளியுமா, டயரின் பக்கத்தில் கொப்பளம் வருமா என்பதைத் தீர்மானிக்கும்.

சஸ்பென்ஷனில் தேர்வே இல்லாத மாடலில்கூட 16 இன்ச்சா 17 இன்ச்சா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதையே சொகுசா ஸ்போர்ட்டியா என்ற கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ரோட்டுக்கு எது சரி?

எந்த ரோடு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தெரு, அதில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி மூடிய கோடு, சுற்றியுள்ள ரோட்டை உயர்த்திப் போட்டதில் குழியாகிப்போன சாக்கடை மூடி. தெருமுனையில் வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி 25 கி.மீ. வேகத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், அதாவது ஒரு கார் நீளத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது பல நேரம் ஒரு முழ அகலத்தில் அதே உயரம், பெயிண்டும் இல்லாமல். பள்ளிக்கூடத்துக்கும் ரயில்வே கேட்டுக்கும் முன்னால் அடுக்கடுக்காகப் போட்டிருக்கும் தடித்த கோடுகள் வேறு. அப்புறம் மேம்பாலத்தில் சீரான இடைவெளியில் 'தட், தட்' என்று இணைப்புகள். இத்தனையும் தாண்டித்தான் ஜிஎஸ்டி சாலையோ அவிநாசி சாலையோ வரும்.

இந்தக் குறுகிய, கூரான மேடுகள் எல்லாம் இறுக்கமான சஸ்பென்ஷனுக்குப் பிடிக்காதவை. தினமும் 30 கி.மீ.க்குக் கீழே இப்படி ஊர்ந்து போவதுதான் உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் என்றால், சொகுசுப் பக்கம் போங்கள், யோசிக்கவே வேண்டாம். மாதம் மூன்று நான்கு முறை திருச்சி, மதுரை என்று நீண்ட தூரம் போகிறவர், ஊருக்குள் அதிகம் ஓட்டாதவர் என்றால், சற்று இறுக்கமான காரில் களைப்பு குறைவாக இருக்கும். ஸ்டீயரிங்கைச் சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. லாரியைத் தாண்டும்போது காற்று தள்ளினாலும் கார் அசையாது.

மலைப்பாதைக்கு ஸ்போர்ட்டிதான் நல்லதா?

ஓட்டுபவருக்கு ஆம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையோ ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளையோ சாயாத காரில் ஏறினால் கை சலிக்காது. கொல்லிமலையின் 70 வளைவுகளில் உயரமான, மென்மையான எஸ்யூவி ஒன்றில் பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். மேலே போய்ச் சேர்வதற்குள் நான்கு பேரில் இரண்டு பேர் இறங்கி நின்றுவிட்டோம்.

ஆனால் இங்கே ஓட்டும் முறைக்குத்தான் பெரிய பங்கு. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பினால் மென்மையான காரிலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வருடத்துக்கு இரண்டு தடவை ஊட்டி போவதற்காக 363 நாள் குலுங்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இடுப்பு வலி. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் அவர் எங்கே உட்காருவார் என்று பாருங்கள். முன்சீட் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது, பின்சீட் கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. பின்சக்கரம் வாங்கும் அடி நேராக அங்கே வரும். அதோடு, பின்பக்க ஸ்பிரிங்கை ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏறினாலும் தாங்கும்படி அமைத்திருப்பார்கள்; ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அது அமுங்கவே அமுங்காது. நம் சந்தையின் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே முறுக்குத் தண்டு இணைக்கிறது, டார்ஷன் பீம் என்பார்கள். இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு போகும். எனவே இடுப்பு வலி உள்ளவரை முன்சீட்டில் உட்காரவைப்பதே பாதி மருந்து.

இரண்டாவது, பக்கவாட்டு ஆட்டம். மேல்கீழ் குலுக்கலை எல்லோரும் கவனிப்பார்கள், தலை இடமும் வலமும் தள்ளாடுவதைக் கவனிக்க மாட்டார்கள். உயரமான எஸ்யூவி சாயக் கூடாதென்று ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனாக்கியிருந்தால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது கார் முழுவதும் படக்கென்று பக்கவாட்டில் அசையும். கழுத்துக்கும் இடுப்புக்கும் அது நல்லதல்ல. தாழ்ந்து கிடக்கும் சீட்டும் வேண்டாம், ஏணி போட்டு ஏறும் சீட்டும் வேண்டாம். அவர் நின்றபடியே திரும்பி, அப்படியே உட்காரும் உயரத்தில் சீட் இருந்தால் போதும்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது? பத்து நிமிடத்தில் என்ன தெரிந்துவிடும்?

பத்து நிமிடம் போதாது. அரை மணி நேரம் கேளுங்கள், வண்டியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஷோரூம்காரர்கள் கூட்டிப்போகும் ரூட் நல்ல தார் ரோடாகத்தான் இருக்கும். உங்கள் தெரு, உங்கள் வேகத்தடை, உங்கள் அலுவலகம் போகும் வழி, இவற்றில்தான் ஓட்ட வேண்டும்.

என் சித்தப்பா கார் வாங்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். அத்தை மருத்துவமனையில் இருந்த வாரம் அது. டெஸ்ட் டிரைவ் வண்டி வந்ததும், சித்தி சாப்பாட்டுப் பையோடு பின்னால் ஏறிக்கொண்டார், போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று. காலுக்கடியில் எவர்சில்வர் தூக்கில் ரசம். மேல் வேரியண்ட், 17 இன்ச் சக்கரம். மூன்றாவது வேகத்தடை தாண்டியதும் தூக்கின் மூடி இடுக்கில் ரசம் கசிந்து, புது ரப்பர் மேட்டின் பள்ளத்தில் மஞ்சளாகக் கோடு ஓடியது, ஒரு கறிவேப்பிலையோடு. வண்டியோடு வந்த பையன் பதறிப்போய் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து அதே மாடலில் கீழ் வேரியண்டை டெஸ்ட் டிரைவுக்குக் கேட்டு வாங்கினோம், 16 இன்ச் சக்கரம். அதே தெரு, அதே தூக்கு, சித்தப்பாதான் ஓட்டினார். மருத்துவமனை வாசல் வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. சித்தி தூக்கைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்துவிட்டு "இதையே எடுத்துக்கலாம்" என்றார். சன்ரூஃப் போனதில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆறு வருடமாக அந்தக் கார்தான் ஓடுகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியண்டா, அதே சக்கரமா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கிளம்பும் முன் டயரில் காற்று எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டிகளில் சில நேரம் தேவைக்கு மேல் காற்று இருக்கும், அப்படி இருந்தால் எந்த நல்ல சஸ்பென்ஷனும் கெட்ட பெயர் வாங்கும். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வேகத்தடையில் 20-இல் ஏறி இறங்கி, பின்பக்கம் ஒரே ஆட்டத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். பேட்ச் போட்ட ரோட்டில் 30-இல் போகும்போது ஸ்டீயரிங்கில் நடுக்கம் வருகிறதா, கதவும் டேஷ்போர்டும் சத்தம் போடுகிறதா? மேம்பாலத்தில் 60, 70-இல் போகும்போது இணைப்புகளின் சத்தம் மட்டும் கேட்கிறதா, அடியும் சேர்ந்து வருகிறதா? அப்புறம் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள். முடிந்தால் நான்கு பேராகப் போங்கள். ஆள் ஏறியதும் சில கார்கள் முன்பைவிட நன்றாக ஓடும், சில கார்கள் அடி தட்டும்.

வாங்குவதா வேண்டாமா என்ற கடைசி வார்த்தையைப் பின்சீட்டில் உட்காரப்போகிறவரிடம் விடுங்கள். ஓட்டுபவர் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, வரும் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அது எதுவும் இல்லை.

மின்னணு அடாப்டிவ் சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

இரண்டையும் ஒரே காரில் வைத்துக்கொள்ளும் வழி அது. உள்ளே ஒரு வால்வை மின்சாரம் திறந்து மூடும். சில கார்களில் காந்தப்புலம் பட்டால் கெட்டியாகும் எண்ணெயை வைத்தே அந்த வேலையைச் செய்வார்கள். 2002-இல் அமெரிக்காவின் காடிலாக் செவில் எஸ்டிஎஸ் அதை முதலில் கொண்டுவந்தது. நம் ஊரில் பெரும்பாலும் வெளிநாட்டுச் சொகுசுக் கார்களில் இருந்த மின்னணு சஸ்பென்ஷன், 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் எக்ஸ்இவி 9இ, பிஇ 6 மின்சாரக் கார்களின் உயர்ந்த வேரியண்டிலும் வந்துவிட்டது.

நன்றாக வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் அதைச் சேர்த்துக் கொடுக்கும் வேரியண்டிலேயே பெரிய சக்கரத்தையும் மாட்டிவிடுவார்கள், ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் எடுத்ததுபோல். உத்தரவாதம் முடிந்த பிறகு ஒரு ஷாக் அப்சார்பர் போனால், சாதாரணத்தைவிடப் பல மடங்கு விலை. பத்து வருடம் வைத்து ஓட்டுபவர் இதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

எக்ஸ்யூவி700, ஸ்கார்பியோ-என் விளம்பரத்தில் ஏதோ அதிர்வெண் என்று சொன்னார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அதில் மின்சாரமோ சென்சாரோ கிடையாது. ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் போக இரண்டாவது பாதை ஒன்று இருக்கும். சின்னச் சின்ன, வேகமான அதிர்வுக்கு அது திறந்தே இருப்பதால் இளக்கமாக இருக்கும். வளைவிலோ பிரேக்கிலோ கார் மெதுவாகச் சாயும்போது அந்தப் பாதை மூடிக்கொள்ளும், ஷாக் அப்சார்பர் இறுகும். குறைந்த செலவில் இரண்டு குணத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும் நல்ல யுக்தி. எனக்குப் பிடித்த தீர்வு இது.

மின்சாரக் காரில் இந்தக் கேள்விக்கு வேறு பதிலா?

கொஞ்சம் வேறு. தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் கார் கனம், ஸ்பிரிங்கும் அதற்கேற்ப இறுக்கம். எடை கீழே இருப்பதால் வளைவில் சாய்வது குறைவு, அதனால் தடித்த ஸ்டெபிலைசர் பார் இல்லாமலே சமாளிக்கலாம். எஞ்சின் சத்தம் இல்லாததால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் முனகினால்கூடக் காதில் விழும். டெஸ்ட் டிரைவில் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

ஸ்போர்ட்டி சஸ்பென்ஷன் அதிகப் பாதுகாப்பு இல்லையா?

வழவழப்பான ரோட்டில், வேகத்தில், திடீரென்று ஒரு மாட்டுக்காக ஒதுங்க வேண்டிவந்தால், இறுக்கமான கார் சொன்னபடி கேட்கும். அது உண்மை. குண்டும் குழியுமான வளைவில் கதை மாறும். சக்கரம் மேட்டில் பட்டுத் தரையைவிட்டு எழும்பினால் அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, பிடிமானமும் இல்லை. அங்கே டயரைத் தரையோடு ஒட்டவைக்கும் மென்மையான சஸ்பென்ஷன்தான் பாதுகாப்பு. இரண்டில் எதை எடுத்தாலும் இஎஸ்சி என்ற நிலைகாப்புக் கட்டுப்பாடு இல்லாத வேரியண்டை எடுக்காதீர்கள்.

இப்போது கிடைப்பதை வாங்கிவிட்டு, பிறகு வெளியில் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டால் என்ன?

செய்யாதீர்கள் என்பேன். உத்தரவாதம் போகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து இழப்பீட்டில் காப்பீட்டு நிறுவனத்தோடு வழக்காட வேண்டிவரும். இதெல்லாம் இல்லாவிட்டாலும், தொழிற்சாலையில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பல மாதம் ஓட்டிப் பார்த்து அமைத்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி பிரிந்துவிடும். பின்பக்க ஸ்பிரிங்கின் இரண்டு வளையத்துக்கு நடுவே ரப்பர் உருண்டை செருகிக்கொள்வதும் இதே கணக்குதான். உயரம் கிடைக்கும், குலுக்கலும் சேர்ந்து வரும்.

டயர் மாற்றும்போது அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் சின்னச் சக்கரத்துக்கு இறங்குவது வேறு. அதே மாடலின் கீழ் வேரியண்டில் தொழிற்சாலையே கொடுக்கும் அளவு என்றால் தாராளமாகச் செய்யலாம், பிரேக் டிஸ்க் இடிக்காமல் இருந்தால்.

பராமரிப்புச் செலவு எதில் அதிகம்?

பெரிய வித்தியாசம் இல்லை. இறுக்கமான காரில் புஷ், ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட், டயர் ஆகியவை அடியை அதிகம் வாங்கும். குறைந்த பக்கச்சுவர் டயர்தான் உண்மையான செலவு, விலையும் கூட, சேதமும் கூட. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிக் கருப்பாக இருந்தால் எந்தக் காராக இருந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள், ஒற்றையாக வேண்டாம்.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே ஆர்டர் படிவத்தில் தனியாகவே கேட்கிறார்கள். என்ன செய்வது?

உங்களுக்கு ரோடு நல்ல ரோடு, அதனால் ஸ்போர்ட்டி எடுப்பதில் எங்களுக்கு இருக்கும் பயம் இல்லை. ஆட்டோபானில் 160-க்கு மேல் அடிக்கடி போகிறவர் என்றால் நியாயமான தேர்வுகூட. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் எடுத்தால் கார் 15 மில்லிமீட்டர் தாழும், பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் எம் ஸ்போர்ட் எடுத்தால் 10 மில்லிமீட்டர். வேலைப்பாடு பொதுவாக நன்றாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: தோற்றத்துக்காக எடுக்கும் ஸ்போர்ட் பேக்கேஜோடு சஸ்பென்ஷனும் சேர்ந்து வந்துவிடும். பல மாடல்களில் அதை மட்டும் சாதாரணமாகவே வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கும், விற்பனையாளரிடம் கேளுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா மூன்று மாதம் வந்து தங்குவார்கள் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள். பழைய நகரங்களின் கருங்கல் பாவிய தெருக்கள் நம் பேட்ச் ரோட்டுக்குச் சளைத்தவை அல்ல.

எனக்கு ஓட்டுவதே சந்தோஷம். தனியாகத்தான் போவேன். ஸ்போர்ட்டி வாங்கினால் தப்பா?

துளியும் தப்பில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு இசிஆரில் ஒரு காபிக்காகப் போய்வரும் மனிதர்கள் எனக்கு நெருங்கியவர்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே கார் திரும்புவது, ரோட்டின் சொரசொரப்பு விரலில் தெரிவது, இதெல்லாம் உண்மையான சந்தோஷம். சின்னச் சக்கரமும் இறுக்கமான ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கார் கிடைத்தால் அதை எடுங்கள், ஐ20 என் லைன் போல. பெரிய சக்கரத்தால் வரும் குலுக்கலில் ஒரு லாபமும் இல்லை. நல்ல ஷாக் அப்சார்பரால் வரும் இறுக்கத்தில் உண்டு. நாளை கல்யாணம், குழந்தை என்று ஆகுமே என்பவர்களுக்கு: அப்போது அதற்கேற்ற காரைப் பார்த்துக்கொள்ளலாம்.

டெலிவரி எடுத்த அன்று கார் டெஸ்ட் டிரைவைவிடக் கடினமாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து கிளம்பி யார்டில் வாரக்கணக்கில் நிற்கப்போகும் கார் என்பதால் டயரில் காற்றை அதிகம் அடைத்து அனுப்புவார்கள். டெலிவரிக்கு முன் குறைக்க வேண்டும், சில நேரம் பூஜை, மாலை, போட்டோ அவசரத்தில் விட்டுப்போகும். மறுநாள் காலை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பக்கத்து பங்க்கில் காற்றைப் பாருங்கள். கதவோரம் 33 என்று இருக்க, மீட்டர் 42 காட்டினால் விஷயம் முடிந்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்திலும் சரிசெய்துவிட்டு, உங்கள் தெருமுனை வேகத்தடையில் இன்னொரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.